ஹம்மிங்பேர்டுக்குப் புட்டி மாட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் தோழி ஒருத்தி வாட்ஸப்பில் படம் அனுப்பினாள். கொல்லைப்புறத்தில், ஹம்மிங்பேர்ட் என்ற குட்டிக் குருவி குடிக்கச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி வைக்கும் பெரிய கண்ணாடிப் புட்டி தொங்குகிறது. குறுகிய வாய், பெருத்த வயிறு, ஒரு லிட்டராவது பிடிக்கும். "வேலை போனதிலேர்ந்து வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கேன்க்கா. உங்கள மாதிரி குருவி பார்க்கலாம்னு" என்று கீழே எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அப்பா இறந்த வருடம் நான் வாங்கியதும் அச்சு அசல் அதே புட்டிதான்.

ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர், தேன் கூடாது, சிவப்புச் சாயம் கூடாது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

பெரிய புட்டி

நாங்கள் இருக்கும் கலிபோர்னியாவின் சான் ஹோசே பக்கம் அன்னாஸ் ஹம்மிங்பேர்ட் என்ற வகை வருடம் முழுக்க இருக்கும். எடை நாலு கிராம் சொச்சம். அது குடித்து ஒரு லிட்டர் எப்போது தீரும்? வெயில் நாளில் சர்க்கரைத் தண்ணீர் இரண்டு நாள்கூடத் தாங்காது, கலங்கிவிடும். முக்கால்வாசியைக் கொட்டிவிட்டுக் கழுவ வேண்டும். கழுவலாம் என்றால் உள்ளே கை நுழையாது.

முதல் இரண்டு வாரம் ஒழுங்காகக் கழுவினேன். அப்புறம் ஒரு மோசமான வாரம் வந்தது. மதுரைக்குப் போய் அப்பா முகத்தைப் பார்க்க முடியாமல் போனது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. தலை வாரக்கூட எழுந்திருக்கவில்லை. புட்டி வெயிலில் தொங்கியது. தண்ணீர் வெளுத்துக் கலங்கி, பூ மாதிரி இருக்கும் துளைகளைச் சுற்றிக் கறுப்பாகப் பூஞ்சை படிந்தது. படுக்கையிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்: குருவி வருகிறது, அலகை விடுகிறது, போகிறது, மறுபடி வருகிறது. கெட்டுப்போன தண்ணீர் அதற்கு நோய் கொடுக்கும் என்று தெரியும். ஆனாலும் எழ முடியவில்லை. 'இத்தனூண்டு உயிரைக்கூடப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லை' என்று அதற்கும் சேர்த்து அழுதேன். ஆறுதலுக்கு மாட்டியது, என்னைக் குத்திக்காட்டும் இன்னொரு வேலையாகிவிட்டது. கடைசியில் புட்டியோடு குப்பையில் போட்டேன்.

இன்னும் கடுப்பேற்றுவது, "பெருசா வாங்கினா அடிக்கடி நிரப்ப வேணாம்" என்று யாராவது சொல்லும் அறிவுரை. தானியம் போடும் கூண்டுக்கு வேண்டுமானால் அது சரி.

தட்டு மாதிரி இருப்பதை வாங்குங்கள். மூடியைத் தூக்கினால் உள்ளங்கை முழுக்க உள்ளே போக வேண்டும். அதிலும் கால்வாசிதான் ஊற்ற வேண்டும். வெந்நீர், பிரஷ், இரண்டு நிமிடம். மீதிக் கரைசல் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் நிற்கும். மனசு நன்றாக இருக்கும் நாளில்தான் கடைக்குப் போவோம். வாங்கும்போது படுத்துக் கிடக்கும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நிமிடமும் முடியாத நாளில் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். குருவி பட்டினி கிடக்காது. பூக்கள் இருக்கின்றன, கொசு மாதிரியான சின்னப் பூச்சிகளும் சிலந்திகளும் இருக்கின்றன. எனக்கு இது தெரிந்திருந்தால் அந்த வாரம் அழுகை பாதியாவது குறைந்திருக்கும்.

வரவு எண்ணுவது

நோட்டுப் போட்டு எண்ணினேன். பதினொரு முறை வந்தால் நல்ல நாள், வராவிட்டால் எனக்கே ஏதோ கெட்டது. ஒரே ஒரு ஆண் குருவி பக்கத்து மரத்தில் உட்கார்ந்துகொண்டு வருகிற எல்லாரையும் துரத்திக்கொண்டிருந்ததுதான் வரவு குறைந்ததற்குக் காரணம். நோட்டும் குப்பைக்குப் போனது.

'செத்துப்போன' குருவி

ஒரு டிசம்பர் காலை, எலுமிச்சைக் கிளையில் உப்பிப்போய், அலகை மேலே தூக்கி, அசையாமல் ஒன்று. அம்மாவுக்கு போன் போட்டு அழுதேன். "நம்ம செம்பருத்திக்கு வர்ற தேன்சிட்டுதானேடி?" என்றாள் அம்மா. இல்லை, அது வேறு குடும்பம். ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் கிடையாது. செருப்பு டப்பா எடுக்கப் போனவளைப் பக்கத்து வீட்டுப் பாட்டி தடுத்தார். குளிர் இரவில் அது தன் உடம்புச் சூட்டையே இறக்கிக்கொள்ளுமாம். வழக்கமாக 41 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருப்பது 9 வரைகூட இறங்கும், மூச்சும் நாடியும் மந்தமாகிவிடும். வெயில் ஏறியதும் விருட்டென்று பறந்தது. தொடாதீர்கள்.

டிசம்பரில் கிளை வெட்டுவது

அப்போதே கூடு கட்டத் தொடங்கிவிடும். சிலந்தி நூலால் கட்டிய, வால்நட் ஓடு அளவுக் கூடு, கண்ணில் படாது.

கேமரா

வேண்டாம்.

இதையே வைத்தியம் என்று நம்புவது

மாதம் இரண்டு முறை கவுன்சலரிடம் போனேன், இன்னும் போகிறேன். குருவி, நான் காலைக் காப்பி குடிக்கும் பத்து நிமிடத்துக்கு மட்டும்தான். ராத்திரியில் அது வராது. தாங்க முடியாமல் போனால் இங்கே அமெரிக்காவில் 988 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் போன் பண்ணலாம், மெசேஜும் அனுப்பலாம்.

தோழியிடம் பில் இருக்கிறதா, திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். "இருக்குக்கா. ஆனா கலரு அழகா இருக்கே" என்கிறாள்.