வெள்ளத்தைத் தாண்டி வந்த கார்: இன்ஜினை மட்டும் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மிதந்தபோதும் கார்கள் நின்ற இடத்திலேயே முங்கின. அதில் பட்டுத் தெரிந்துகொண்ட சென்னைக்காரர்கள், 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்று கேட்டதுமே வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்திவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் மழைக்காலத்தில் என் பட்டறைக்கு அதிகம் வருவது முங்கிய கார்கள் அல்ல. தண்ணீருக்குள் ஓடி, நிற்காமல் வீடு வந்து சேர்ந்த கார்கள். அவற்றைச் சோதிப்பதில்தான் தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்களும், வீடியோ பார்த்துத் தாங்களே பானெட்டைத் திறக்கும் ஓனர்களும் சறுக்குகிறார்கள். தொழில் பழகிய காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்த அதே தவறுகள்தான், ஏறக்குறைய அதே வரிசையில்.

தண்ணீருக்குள் ஆஃப் ஆன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்யக்கூடாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். அதை இங்கே சொல்லப்போவதில்லை.

ஓனர் சொல்லும் ஆழத்தை நம்புவது

"முட்டிக்குக் கீழதான் சார் தண்ணி." இதைச் சொல்லாத ஓனரை நான் பார்த்ததில்லை. அவர் பொய் சொல்லவில்லை; ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு வெளியே எவ்வளவு என்று எப்படித் தெரியும்? அதிலும் எதிரே ஒரு மாநகரப் பேருந்து வேகமாகப் போயிருந்தால், அது எழுப்பிய அலை பானெட் வரைக்கும் ஏறியிருக்கும்.

வண்டியைத்தான் கேட்க வேண்டும். சக்கரத்துக்கு மேலே உள் வளைவில் படிந்த சேற்றுக் கோடு, கதவைத் திறந்தால் அதன் அடி ஓரத்தில் தெரியும் மண், ஃபாக் லேம்புக்குள் நிற்கும் தண்ணீர், இவை சரியான உயரத்தைச் சொல்லிவிடும். கழுவுவதற்கு முன்னால் பாருங்கள். எனக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம். தண்ணீர் சக்கரத்தின் நடு அச்சைத் தாண்டியதா? கதவின் அடிப்படியைத் தாண்டியதா? மற்ற எல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் தொடங்கும்.

ஏர் ஃபில்டரை மேலே தொட்டுப் பார்ப்பது

கிளிப்பைத் தளர்த்தி, விரலை விட்டு, "காய்ஞ்சுதான் இருக்கு" என்று மூடிவிடுவார்கள். ஃபில்டரை முழுவதும் வெளியே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பெட்டியின் அடியில் மண்ணோ ஈரமோ இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சாவியைத் தொட வேண்டாம். டர்போ டீசல் வண்டிகள் பலவற்றில், இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக இருக்கும். உள்ளே போன தண்ணீர் அங்கே தேங்கி நின்று மறுநாள் காலையில் வேலையைக் காட்டும். ஹோஸைக் கழற்றிப் பார்க்கச் சில நிமிடங்கள்தான் ஆகும்.

இன்ஜின் ஆயில் சுத்தம், அதனால் வண்டி சுத்தம்

இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவுகிறார்கள். ஆயில் ஆயிலாகவே இருக்கிறது. ஏர் ஃபில்டரும் காய்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்தால் ஒழுங்காக ஓடுகிறது. "ஒண்ணும் இல்ல சார், எடுத்துட்டுப் போங்க." கியர்பாக்ஸில் பெரும்பாலும் டிப்ஸ்டிக் கிடையாது. இருந்தால் அதையும் உருவியிருப்பார்கள். இல்லாததால் அப்படி ஒரு சாமான் வண்டியில் இருப்பதே யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

நடப்பது இதுதான். இன்ஜின் காற்று இழுக்கும் வாய் உயரத்தில் இருக்கிறது. கியர்பாக்ஸும், பின்சக்கர இழுவை வண்டியின் பின் ஆக்ஸிலும் தாழ்வாகக் கிடக்கின்றன. ஜிஎஸ்டி ரோடு மாதிரி நெடுஞ்சாலையில் நன்றாக ஓடி வந்த வண்டியின் ஆக்ஸிலை மூடியிருக்கும் ஹவுசிங்கில் கையை வைக்க முடியாது; அவ்வளவு சூடு. உள்ளே இருக்கும் காற்றும் சூடேறி விரிந்து, பிரீதர் என்னும் காற்றுத் துளை வழியாகக் கொஞ்சம் வெளியேறியிருக்கும். அந்த நிலையில் திடீரென்று மழைத் தண்ணீருக்குள் இறங்கினால் ஹவுசிங் சட்டென்று குளிர்கிறது, உள்காற்று சுருங்குகிறது, வெளியிலிருந்து இழுக்கிறது. பிரீதர் தண்ணீருக்குள் இருந்தால் அது வழியாகத் தண்ணீரே உள்ளே போகும். பிரீதர் சேறடைத்துக் கிடந்தால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். அப்போது ஆயில் சீல் ஓரமாக இழுக்கும். ஆயில் சீல் என்பது உள்ளே இருக்கும் ஆயிலை வெளியே விடாமல் இருக்கச் செய்த பொருள். வெளியிலிருந்து வரும் தண்ணீரைத் தடுப்பது அதன் முதல் வேலை அல்ல.

உள்ளே போன தண்ணீர் சும்மா இருக்காது. பல் சக்கரங்கள் அதை ஆயிலோடு கடைந்து பால் காபி நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். அந்தக் கலவையால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒழுங்கான ஆயில் படலமாக நிற்க முடியாது. வண்டியை நிறுத்திவைத்தால் பேரிங் உருளைகளில் துரு பிடிக்கும். துருப் பிடித்த இடம் குழியாகும், குழி சத்தமாகும். எல்லாம் மெதுவாக நடக்கும். அதுதான் இதில் எரிச்சலான விஷயம். உடனே கெட்டுப்போனால் உடனே பார்ப்போம். இது பொங்கலுக்கு ஊருக்குப் போகும் வழியில்தான் வாயைத் திறக்கும்.

ஒரு வாடகை இன்னோவா அப்படித்தான் வந்தது. டிசம்பர் மழையில் அதன் டிரைவர் தாம்பரம் பக்கம் தண்ணீரில் ஓட்டியிருக்கிறார். மறுநாளே வேறொரு பட்டறையில் காட்டியிருக்கிறார். இன்ஜின் ஆயில் பார்த்து, ஏர் ஃபில்டர் மாற்றி, வாட்டர் வாஷும் செய்து கொடுத்திருக்கிறார்கள். ஜனவரி கடைசியில் என்னிடம் வந்து, "அண்ணே, அறுபதுக்கு மேல போனா பின்னாடி ஊ-ன்னு ஒரு சத்தம்ணே, டயரா பாருங்க" என்றார். டயர் இல்லை, பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் பல் சக்கரம். ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கைத் திறந்ததும் சட்டியில் விழுந்ததைப் பார்த்து அவர் முகமே மாறிவிட்டது. பினியன் பேரிங், சைடு பேரிங், கிரவுன்–பினியன் செட் எல்லாமே போயிருந்தன. மழை முடிந்த மறுநாள் சில லிட்டர் கியர் ஆயிலோடு முடிந்திருக்க வேண்டிய வேலை. சாமான் விலை போகட்டும், சீசன் நேரத்தில் வண்டி பட்டறையில் நின்ற நஷ்டத்தை யார் கொடுப்பார்கள்? முதலில் பார்த்தவர்கள் ஏமாற்றவில்லை. பார்க்கத் தெரியாமல் "பார்த்தாச்சு" என்று சொன்னார்கள். என்னைக் கேட்டால் அது இன்னும் மோசம்.

சரி, எப்படிப் பார்ப்பது? நடு அச்சு முங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம், திறந்துவிடுங்கள். பொலேரோ, ஸ்கார்பியோ, இன்னோவா கிரிஸ்டா போன்றவற்றில் கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் இரண்டும். முன்சக்கர இழுவைக் கார்களில் கியர்பாக்ஸ். முடிந்தால் வண்டியை ராத்திரி முழுக்க ஆட்டாமல் நிறுத்திவைத்துவிட்டுக் காலையில் தொடங்குங்கள். ஆயிலோடு கலக்காத தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, அடியில் இறங்கியிருக்கும். டிரெயின் பிளக்கை லேசாகத் தளர்த்தினாலே முதலில் அதுதான் சொட்டும். ஏற்கெனவே கடைந்திருந்தால் நிறமே காட்டிக்கொடுக்கும்.

இங்கே கற்றுக்குட்டிகள் மாட்டிக்கொள்ளும் ஒரு இடம் உண்டு. டிரெயினைத் திறக்கும் முன் மேலே ஆயில் ஊற்றும் ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். ஆயிலை வடித்துவிட்டு, ஃபில்லர் இறுகி வரவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

பால் நிறம் கண்டால் ஒரு தடவை மாற்றுவது போதாது. மூலை முடுக்கில் ஒட்டியிருப்பது புதிய ஆயிலையும் கெடுக்கும். புது ஆயில் ஊற்றி, கொஞ்ச தூரம் நிதானமாக ஓட்டி, சூடாக இருக்கும்போதே மறுபடி வடித்து, அப்புறம்தான் கடைசி ஆயில். பிரீதரையும் கழற்றி ஊதிவிடுங்கள். பிளக்கின் காந்தத்தில் நைஸான சாம்பல் பசை இருந்தால் பயப்பட வேண்டாம், துண்டு துண்டாக இரும்பு இருந்தால் பயப்படலாம்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் இன்னும் அவசரம். அதன் கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் படலத்துக்குத் தண்ணீர் ஆகாது, ஒட்டு விட்டு உரிந்துவிடும். இன்ஜின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கும் ஆயில் சாதாரணமாக வடித்தால் வராது. அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள், ஆனால் ஓட்டிக்கொண்டு போகாமல் டோ செய்து கொண்டுபோங்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு தவறும் உண்டு. இன்ஜின் ஆயில் மூடியின் அடியில் கொஞ்சம் வெள்ளைப் பசை பார்த்ததும் "தண்ணி போயிடுச்சு" என்று இன்ஜினையே இறக்கச் சொல்வது. தினமும் பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓடும் வண்டியில் மழைக்காலத்தில் அது வெறும் ஆவி படிந்ததாகவும் இருக்கலாம். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மேலே காய்ந்த கார்பெட்

ஏசி போட்டுக் காயவைத்தேன் என்பார்கள். மேல் துணி காய்ந்திருக்கும். அடியில் இருக்கும் ஸ்பாஞ்சைப் பிழிந்தால் வாளியில் வரும். போதாததற்கு இப்போது எல்லோரும் தரையை முழுதாக மூடும் செவன் டி மேட் போட்டுவிடுகிறார்கள். அடியில் என்ன நடக்கிறது என்று முகர்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கதவோரப் பிளாஸ்டிக்கைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, ஸ்பாஞ்சைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் என்றால் சீட்டை இறக்கத்தான் வேண்டும். தரையில் இருக்கும் ரப்பர் மூடிகளைக் கழற்றினால் தேங்கிய தண்ணீர் இறங்கிவிடும். சீட்டுக்கு அடியில் இருக்கும் வயரிங் சாக்கெட்டுகளைப் பிரித்துப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் இறங்காத ஜன்னலும் அணையாத ஏர்பேக் லைட்டும் பின்னால் வரப்போகின்றன. மஞ்சள் சாக்கெட் ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் விட்டு, அதன்பிறகே அதில் கை வையுங்கள்.

ரேடியேட்டர் ஃபேன்

தண்ணீருக்குள் சுற்றி, சேறு வாங்கி, மோட்டார் இறுகிப்போயிருக்கும். மழை ஓய்ந்து குளிர்ந்த நாட்களில் தெரியாது. வெயில் திரும்பி, டிராஃபிக்கில் நிற்கும்போது இன்ஜின் சூடாகும். ஏசியைப் போட்டு ஃபேன் சுற்றுகிறதா என்று இன்றே பாருங்கள்.

ஹேண்ட் பிரேக்

நனைந்த வண்டிக்குப் போடாதீர்கள், டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

பிரஷர் வாஷ்

பானெட்டுக்குள் வேண்டாம். வெள்ளம் நுழையாத சாக்கெட்டில் நீங்களே நுழைத்துவிடுவீர்கள்.

எலெக்ட்ரிக் கார்

எதையும் கழற்றாதீர்கள். கம்பெனிக்குப் போன் செய்யுங்கள்.

நம்பர் பிளேட்

முன்னால் இருக்கிறதா பாருங்கள், தண்ணீரில் கழன்று போயிருக்கலாம்.

கழுவிவிட்டு இன்சூரன்ஸுக்குப் போன் செய்வது

சேற்றுக் கோட்டைத்தான் சர்வேயர் பார்க்க வருகிறார். அதைத் துடைத்துவிட்டு எதைக் காட்டுவீர்கள்? போட்டோ எடுங்கள், தகவல் சொல்லுங்கள், பிறகு ஸ்பானரை எடுங்கள். வெள்ளச் சேதம், சொந்த வண்டிச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பாலிசியில் வரும். ஆனால் இன்ஜினுக்குள் தண்ணீர் போய்ச் சேதமானால், இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் கையை விரித்துவிடுவார்கள். கியர்பாக்ஸுக்கும் ஆட்-ஆன் பொருந்துமா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும், தாளை எடுத்துப் படியுங்கள். எப்படி இருந்தாலும், ஜனவரியில் வரும் சத்தத்துக்கும் டிசம்பர் வெள்ளத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று நிரூபிப்பது உங்கள் தலையில்தான் விழும். அதனால் பால் நிறத்தில் வடிந்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றிவிடாமல் ஒரு பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி வையுங்கள். சர்வேயர் வரும் வரை அந்தப் பாட்டிலைப் பட்டறைப் பையன்கள் கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், சுத்தம் செய்கிறேன் என்று கொட்டிவிடுவார்கள்.