சேலைக்கு ஃபால்ஸ் தைக்கையில் துணியை நகராமல் நிறுத்துவது எப்படி?

கையால் ஃபால்ஸ் (சேலைக் கீழ்க்கரையின் உட்புறம் வைத்துத் தைக்கும் நீளத் துணிப்பட்டை) தைத்த சேலையின் கரை சுருங்கிப்போவதற்குப் பெரும்பாலும் ஊசியோ நூலோ காரணமல்ல; துணியைப் பற்றுவது, இழுப்பது, மடிப்பைச் சரிசெய்வது ஆகிய மூன்று வேலைகளையும் இடக்கை ஒன்றின்மீதே சுமத்துவதுதான் காரணம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) எங்கள் தாய்மார்கள் அஞ்சடியில், அதாவது வீட்டு முன்நடையில், பாய் விரித்து அமர்ந்து, துணியின் ஓரத்தைக் கால் பெருவிரலிடுக்கில் பிடித்துக்கொண்டே தைப்பார்கள். பருத்திக்கு அது இன்றும் நல்ல முறைதான். பட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; வியர்வைக் கறை பட்டில் எளிதில் போகாது. முழங்காலுக்கு மேல் கைலியோடு சேர்த்து ஊக்கு மாட்டுவோரும் உண்டு. அப்படிச் செய்தால் கைலியும் சேர்ந்து தைபடாமல் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றைவிட நம்பகமானது கனம். ஒரு செங்கல்லைப் பழைய கம்பளித் துணியால் இரண்டு மூன்று சுற்று சுற்றி, மேலே வெள்ளைத் துணியால் இறுக்கித் தைத்துவிட்டால், குண்டூசி ஏறும் அளவுக்கு மென்மையும் நகராத அளவுக்குக் கனமும் அதற்கு வந்துவிடும். 1853இல் அமெரிக்காவின் மெரிடன் நகரத்துச் சார்ல்ஸ் வாட்டர்மன் இதே தேவைக்காகப் பறவை உருவக் கவ்வி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மேசை விளிம்பில் திருகி மாட்டிய அதன் வாலை அழுத்தினால் அலகு திறக்கும், விட்டால் துணியைக் கவ்வும்.

வலக்கையால் தைப்பவருக்குத் தையல் வலமிருந்து இடமாக நகரும் என்பதால், கனத்தை வலப்புறம் வைக்க வேண்டும். தைத்து முடித்த பகுதியை அதில் குத்திவிட்டு, தைக்காத பகுதியை இடக்கையால் இடப்பக்கமாக மெல்ல இழுத்துப் பிடித்தால், துணி தளராமல் நிற்கும். ஊசியும் ஒரே ஆழத்தில் இறங்கும். அளவுக்கு மீறி இழுத்தால், கையை எடுத்ததும் கரை சுருங்கிக்கொள்ளும். ஒவ்வொரு சாண் தைத்ததும் குண்டூசியை நகர்த்திக் குத்துங்கள்.

அதற்கு முன் செய்ய வேண்டியவை சில. பருத்தி ஃபால்ஸ் தண்ணீரில் சுருங்கும் என்பதால் நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே தையுங்கள். சேலையை மடியில் போடாமல் மேசையில் பரப்பி, ஃபால்ஸின் நடுவை முதலில் குத்தி, பிறகு இரு முனைகளையும், அதற்கப்புறம் இடைவெளிகளையும் குத்தினால் ஒரு பக்கம் மிஞ்சி நிற்காது. குண்டூசி கரைக்குக் குறுக்காக நிற்கட்டும்.

குண்டூசியை இரவு முழுவதும் பட்டில் விட்டுவைக்காதீர்கள். நம் ஊர் ஈரக் காற்றில் அது துருப்பிடிக்கும். என் பட்டுச் சேலையின் கரையில் அப்படி விழுந்த பழுப்புப் புள்ளி இன்றுவரை போகவில்லை. அன்றே முடிக்க இயலாதென்றால், வெளிர்நிற நூலால் இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் தளர்வான ஓட்டுத் தையல் போட்டுவிட்டுக் குண்டூசிகளை எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் அந்த நூலை ஒரே இழுப்பில் உருவாமல், ஆங்காங்கே வெட்டித் துண்டு துண்டாக எடுங்கள்.