ரிலே போட்ட பிறகுதான் ரோடு தெரிஞ்சது

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏத்திக்கிட்டு விடியக்காலை மூணு மணிக்குக் கிளம்புற பழைய பிக்கப் என்னோடது. ஹெட்லைட் அகல்விளக்கு மாதிரிதான் எரியும். பல்பை ரெண்டு தடவை மாத்தியாச்சு. "எல்இடி போட்டுருங்கண்ணே"ன்னார் கடைக்காரத் தம்பி. மனசு வரலை, எதிரே வர்றவங்களுக்குக் கண்ணு கூசும்.

மல்டிமீட்டரை வச்சுப் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில 13.9 வோல்ட், பல்ப் ஹோல்டர்ல 11.1. மிச்சம் வழியிலேயே போயிடுது. ரெண்டு 55 வாட் பல்பும் சேர்ந்து இழுக்குற 9, 10 ஆம்பியரும் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச், இத்துப்போன மெல்லிய வயர் வழியா வந்தா வேறென்ன ஆகும்? சுவிட்சைத் தொட்டேன், சுட்டது.

டிம்முக்கு ஒண்ணு, பிரைட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு நாலு-பின் ரிலே வாங்கினேன். ரிலேன்னா சின்ன கரண்ட் கொடுத்தா பெரிய கரண்ட்டை ஆன் பண்ற சுவிட்ச். பேட்டரியை ஒட்டியே ஒவ்வொண்ணுக்கும் 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ரிலேயோட 30-ம் நம்பர் பின்னுக்கு, 87-லிருந்து பல்புக்கு. பழைய ஹெட்லைட் வயர் 86-ல, 85 எர்த், அதாவது வண்டி பாடிக்கு. இனி சுவிட்சுக்கு ரிலேயைத் தட்டி எழுப்புற வேலை மட்டும்தான்.

அப்பவும் இடது லைட் மங்கல். கழட்டினா எர்த் போல்ட்டுக்கு அடியில பெயிண்டும் துருவும் ஒரு படலமா இருந்தது. உப்புத்தாளால பளபளன்னு தேய்ச்சு, முறுக்கிட்டு, மேலே கிரீஸ் தடவினேன். இப்போ ரெண்டு பக்கமும் 13.5.

செலவு 800 ரூபாய்க்குள்ள முடிஞ்சது. ஞாயித்துக்கிழமை முழுசும் போனதுக்கு வீட்டுல வாங்கினது தனி.