வில்லனின் முன்கதையை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவல் ஒன்றை எழுதி முடித்தவருக்கு, அதில் வந்த வில்லனின் இளமைக் காலத்தைத் தனிச் சிறுகதையாக எழுதிப் பார்க்கும் ஆசை பெரும்பாலும் வந்துவிடுகிறது. ஆசையில் பிழையில்லை. ஆனால், அவன் பட்ட துன்பத்தை விரிவாகச் சொல்லிவிட்டால் அவன் செய்த தீமைக்குக் காரணம் விளங்கிவிடும் என்று நம்பி, அடியும் பசியும் அவமானமுமாகப் பக்கங்களை நிரப்புவதுதான் இவ்வகைக் கதைகளில் நான் மிகுதியாகக் காணும் தவறு.

இதற்கு மாற்று நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. வால்மீகி இராமாயணத்தின் கடைசிப் பகுதியான உத்தரகாண்டம் இராவணனின் முன்கதையைச் சொல்கிறது. குபேரன் புஷ்பக விமானத்தில் தந்தையைக் காண வரும்போது, தாய் கைகசி தன் மகன் இராவணனை அழைத்து, மாற்றாந்தாய் வயிற்றில் பிறந்த அண்ணனின் ஒளியையும் இவனுடைய நிலையையும் ஒப்பிட்டுக் காட்டி, நீயும் அவனுக்கு நிகராக வேண்டும் என்கிறாள். சிறுவனின் மனத்தில் பொறாமை மூள்கிறது. இதோடு நிறுத்தியிருந்தால் இதுவும் வழக்கமான காயக் கதையாகவே போயிருக்கும். ஆனால் கோகர்ணத்துக்குத் தவம் செய்யப் போனவர்கள் மூவர். அதே தாய், அதே ஆசிரமம், அதே தவம். ஆயினும் எந்த இடரிலும் அறத்தினின்று மனம் வழுவாதிருக்க வேண்டும் என்று வீடணன் கேட்க, தேவரும் அசுரரும் நாகரும் தன்னைக் கொல்லக்கூடாது என்று கேட்ட இராவணன், மனிதர்களைப் புல்லாக மதித்துப் பட்டியலிலிருந்து விட்டுவிடுகிறான். அவன் யார் என்பதும் எப்படி அழிவான் என்பதும் அந்த ஒரு வரத்திலேயே அடங்கிவிடுகின்றன. உங்கள் வில்லன் பட்ட அதே அடியைப் பட்டு வேறு வழியில் போகக்கூடிய ஒருவரைக் கதைக்குள் நிறுத்திப் பாருங்கள்; துன்பத்தைச் சாக்காகக் காட்ட முடியாமல், அவன் தேர்ந்தெடுத்த கணத்தை எழுத வேண்டிய கட்டாயம் தானாகவே வந்துவிடும்.

அண்மைக் கால எடுத்துக்காட்டாக, மிகுபுனைவு எழுத்தாளர் லீ பார்டூகோ 2015இல் வெளியிட்ட 'தி டீமன் இன் தி வுட்' சிறுகதையைச் சொல்லலாம். அவருடைய மூன்று நாவல்களில் 'டார்க்ளிங்' என்ற பெயரில் வரும் வில்லன், இதில் தாயோடு பொய்ப்பெயரில் ஒளிந்து திரியும் சிறுவன். தன் எலும்பு மந்திர ஆற்றலைப் பெருக்கும் என்பதற்காகக் கொல்ல வந்தவர்களை அவன் கொன்றுவிடுவது தற்காப்பு. அதில் யாரும் அவனைக் குறை சொல்ல மாட்டார்கள். அதற்குப் பிறகு, மந்திர ஆற்றல் இல்லாத சாதாரண மனிதர்கள் மீது பழியைப் போட்டு அவன் சொல்லும் பொய்தான் கதையின் உயிர்.

அடுத்த தவறு, நாவலுக்குத் தேவையான செய்தியைச் சிறுகதைக்குள் ஒளித்து வைப்பது. நாவலை மட்டும் வாங்கியவர் ஏமாற்றப்பட்டவராகிறார். கம்பர் யுத்த காண்டத்தோடு நிறுத்திக்கொண்டார். தமிழில் உள்ள உத்தரகாண்டம் ஒட்டக்கூத்தர் பாடியதாகச் சொல்லப்படுவது. அதைப் படிக்காதவருக்குக் கம்பனின் இராவணன் அரைகுறையாகத் தெரிவதில்லை. முன்கதையை முந்தி வெளியிடுவதும் பெரும்பாலும் நட்டமே, ஏனெனில் வில்லன்மீது கவியவேண்டிய மர்மம் முதல் பக்கத்திலேயே கலைந்துவிடுகிறது. வால்மீகியிலும் அகத்தியர் இராவணனின் கதையை இராமனுக்குச் சொல்வது போர் முடிந்து, முடிசூட்டும் முடிந்த பிறகு. பார்டூகோவின் சிறுகதையும் மூன்றாம் நாவல் வந்த மறு ஆண்டில்தான் வந்தது.

தழும்பு, மோதிரம், கறுப்பு அங்கி, வளர்ப்புக் காகம் என ஒவ்வொன்றுக்கும் பிறப்புக் கதை சொல்லத் தொடங்கினால் சிறுகதை சரக்குப் பட்டியலாகிவிடும். ஒன்றை விளக்கினால் போதும். அங்கி, குளிருக்குப் போட்டதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். வயது, ஆண்டு, ஊர்ப்பெயர் ஆகியவற்றை நாவலோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடுங்கள். வாசகர் கட்டாயம் பார்ப்பார்.

எட்டு வயதுச் சிறுவனை வருங்காலக் கொடுங்கோலனின் குரலில் பேச வைக்காதீர்கள். அவனுக்குத் தன் எதிர்காலம் தெரியாது; தோற்றுப்போன பம்பரமும் அம்மாவின் கோபமும்தான் தெரியும். கடைசி வரியாக 'அன்றிரவு ஓர் அரக்கன் பிறந்தான்' என்பது போல ஏதேனும் எழுதியிருந்தால், அதை அடித்துவிட்டு அதற்கு முந்தைய வரியோடு கதையை முடித்துப் பாருங்கள்.