பிரிட்டனில் டிசைன், வீடியோ, வெப் வேலை தொடங்குபவர்களுக்கு: கணக்கு வழக்கை முதலிலேயே சரி செய்யுங்கள்

கிராஃபிக் டிசைன், வீடியோ எடிட்டிங், வெப்சைட், கல்யாண போட்டோகிராபி என்று கையில் ஒரு தொழிலோடு பிரிட்டன் வந்திருக்கிறீர்கள் என்றால், முதல் கிளையண்டைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் விசாவில் என்ன அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டூடன்ட் விசாவில் சுயதொழில் செய்யக் கூடாது. ஃபைவர் என்ற ஆன்லைன் வேலைத் தளத்தில் ஒரு லோகோ செய்து கொடுப்பதும் சுயதொழில்தான், சென்னையிலோ கொழும்பிலோ இருக்கும் கிளையண்டுக்கு இங்கே உட்கார்ந்து எடிட் செய்து கொடுப்பதும் சுயதொழில்தான். கிராஜுவேட் விசாவில் இருப்பவர்களுக்கும், ஸ்கில்டு வொர்க்கர் விசாக்காரரின் டிபெண்டன்டாக வந்தவர்களுக்கும் அந்தத் தடை இல்லை. "எல்லோரும் செய்கிறார்கள்" என்ற பேச்சை நம்பி விசாவைப் பணயம் வைக்காதீர்கள்.

அனுமதி இருக்கிறதா, சரி, சோல் டிரேடராக, அதாவது கம்பெனி பதியாமல் தனி ஆளாகத் தொடங்குங்கள். உடனே லிமிடெட் கம்பெனி பதியச் சொல்லி நாலு பேர் வருவார்கள். கம்பெனி என்று வந்துவிட்டால் அதன் கணக்கில் இருக்கும் பணம் உங்கள் பணம் இல்லை, கம்பெனிகளைப் பதியும் அரசு அலுவலகமான கம்பெனிஸ் ஹவுசுக்கு ஆண்டுக் கணக்கு, கம்பெனி விவரங்களை உறுதிசெய்யும் கன்ஃபர்மேஷன் ஸ்டேட்மென்ட், வரித் துறையான எச்எம்ஆர்சிக்கு கம்பெனி லாபத்துக்கான கார்ப்பரேஷன் டாக்ஸ் என்று வேலையும் அக்கவுண்டன்ட் செலவும் கூடும். கம்பெனியாக இருந்தால்தான் வேலை தருவோம் என்று ஒரு ஏஜென்சி கேட்கும்போதோ, லாபம் 50,000 பவுண்டை நெருங்கும்போதோ அதைப் பற்றி யோசித்தால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது வரி. இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் நன்றாக வேலை செய்து நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். வரி வருடம் ஏப்ரல் 6 தொடங்கி அடுத்த ஏப்ரல் 5இல் முடியும். செலவைக் கழிக்காமல், வந்த மொத்தப் பணம் 1,000 பவுண்டைத் தாண்டினால் செல்ஃப் அசெஸ்மென்டுக்கு, அதாவது உங்கள் வரிக் கணக்கை நீங்களே எச்எம்ஆர்சிக்குக் கொடுக்கும் முறைக்குப் பதிய வேண்டும். 2025 ஜூனில் தொடங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம்: பதியக் கடைசி நாள் 2026 அக்டோபர் 5, ஆன்லைனில் கணக்குக் கொடுத்து வரி கட்டக் கடைசி நாள் 2027 ஜனவரி 31. நடுவில் ஒன்றரை வருடத்துக்கு மேல் யாரும் பணம் கேட்க மாட்டார்கள், அதனால் வந்ததெல்லாம் வாடகையிலும் புது லென்ஸிலும் போய்விடும்.

வேறு வருமானம் இல்லாமல் செலவு போக 30,000 பவுண்டு லாபம் என்றால், வரியில்லாத 12,570ஐக் கழித்து, மீதிக்கு 20 சதவீத வருமான வரி, 6 சதவீத நேஷனல் இன்சூரன்ஸ் (அரசு பென்ஷன் போன்றவற்றுக்காகக் கட்டுவது), சேர்த்து சுமார் 4,530 பவுண்டு. அதோடு நிற்காது. பில் 1,000 பவுண்டுக்கு மேல் போனதால் அடுத்த வருடத்துக்கான முன்பணமாக அதில் பாதியையும் அதே ஜனவரியில் கேட்பார்கள், ஆக 6,800 பவுண்டுக்குப் பக்கம், அப்புறம் ஜூலை 31க்குள் இன்னொரு பாதி. ஒவ்வொரு இன்வாய்ஸ் பணம் வந்ததும் 30 சதவீதத்தைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிட்டு, மீதியைத்தான் உங்கள் வருமானமாக நினையுங்கள்.

ஊரிலுள்ள வங்கிக் கணக்கில் பணம் வாங்கினாலும், இங்கே வசித்து இங்கே இருந்து செய்த வேலைக்கு இங்கே வரி உண்டு. சாமத்திய வீட்டுக்கும் (மஞ்சள் நீராட்டு விழா) கல்யாணத்துக்கும் கையில் வாங்கும் காசும் அப்படியே, அதற்கும் இன்வாய்ஸ் எழுதுங்கள். 2024 ஜனவரியிலிருந்து ஃபைவர், அப்வொர்க் போன்ற தளங்கள் உங்கள் வருமான விவரத்தைத் திரட்டி வரி அதிகாரிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதால் மறைக்கவும் முடியாது. வாட் (விற்பனை மீதான வரி) பதிவு இப்போதைக்குக் கவலை இல்லை, 12 மாத விற்பனை 90,000 பவுண்டைத் தாண்டினால்தான் கட்டாயம். சுயதொழிலிலும் வீட்டு வாடகையிலும் செலவைக் கழிக்காமல் வந்த வருமானம் 50,000 பவுண்டுக்கு மேல் போனவர்கள் 2026 ஏப்ரலிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை சாஃப்ட்வேர் வழியாகக் கணக்கு அனுப்ப வேண்டும்.

வேலை தொடங்குமுன் ஒரு பக்கமாவது எழுதி வாங்குங்கள்: என்ன வேலை, எத்தனை திருத்தம், எவ்வளவு முன்பணம். ஃப்ரீலான்சராக நீங்கள் செய்த டிசைனின் பதிப்புரிமை (காப்பிரைட்), எழுத்தில் கையெழுத்துப் போட்டு மாற்றிக் கொடுக்கும்வரை உங்களுடையதுதான், அதனால் முழுப் பணமும் வந்த பிறகே உரிமை மாறும் என்று அதில் சேர்த்துவிடுங்கள். வியாபாரக் கிளையண்ட் இழுத்தடித்தால், 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டி விகிதத்துக்கு மேல் 8 சதவீத வட்டியும், 1,000 பவுண்டுக்குக் குறைந்த கடனுக்கு 40 பவுண்டும் கேட்கலாம். நம்மவரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள், அது உங்கள் உழைப்பு.

அக்கவுண்டன்ட் பிடிக்கும்போது ஒன்று கவனியுங்கள். இந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் தன்னை அக்கவுண்டன்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். ஏசிசிஏ, ஐசிஏஈடபிள்யூ போன்ற அக்கவுண்டன்ட்களின் தொழில்முறை அமைப்பில் உறுப்பினரா என்று அந்த அமைப்பின் தளத்திலேயே தேடிப் பாருங்கள், டிசைனர், வீடியோ ஆட்களின் கணக்கு பார்த்திருக்கிறாரா என்றும், வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு வாங்குவார் என்றும் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.