ஆட்டோகேடில் முதல் அறை: கோடு போடும் முன் லேயர்

கணினியில் பிளான் வரையும் ஆட்டோகேட் மென்பொருளைத் திறந்ததும் லைன் கமாண்டைப் பிடித்துக்கொண்டு மனம்போன போக்கில் கோடு இழுக்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். ஒரு பத்து நிமிடம் அப்படி இழுத்துப் பாருங்கள், மவுஸ் பழகிவிடும். அதோடு நிறுத்திவிட வேண்டும். லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள் போன்ற அடுக்கு) பிரிக்காமல் இருநூறு கோடு போட்டுவிட்டால், எது சுவர், எது கதவு என்று பிறகு ஒவ்வொன்றாகப் பொறுக்க நேரிடும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் லைன் கமாண்டுக்கு முன்னால் லேயரைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

இன்று வரையப்போவது ஒரே அறை. பத்துக்குப் பன்னிரண்டு என்று நாம் சொல்வோமே, அதை ஒட்டி உள்ளளவு 3000க்கு 3600 மில்லிமீட்டர். சுற்றிலும் ஒன்பது இன்ச் சுவர், அதாவது 230. ஒரு கதவு, ஒரு வட்ட மேஜை. கமாண்டுகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். கீபோர்டில் ஆங்கில எழுத்தாகத் தட்டி என்டர் கொடுங்கள்.

ஃபைலும் அளவும்

புது ஃபைல் திறக்கும்போது அகாட்ஐசோ (acadiso) என்ற டெம்ப்ளேட்டை, அதாவது தயார் மாதிரி ஃபைலை, தேர்ந்தெடுங்கள், அது மெட்ரிக். பேப்பருக்குள் அடங்குமா என்ற கவலையே வேண்டாம். கேடில் எப்போதும் நிஜ அளவில்தான் வரைய வேண்டும். 3000 என்றால் 3000 என்றே தட்டுங்கள். ஸ்கேல் எல்லாம் பிரிண்ட் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

லேயர்

"எல்-ஏ" தட்டினால் லேயர் பட்டியல் திறக்கும். ஏற்கெனவே 0 என்று ஒரு லேயர் இருக்கும். அதை அழிக்கவும் முடியாது, பெயர் மாற்றவும் முடியாது. அதில் எதையும் வரையாமல் விட்டுவிடுங்கள். புதிதாக மூன்று சேருங்கள்:

சுவர்: பச்சை, லைன்வெயிட் (கோட்டின் தடிமன், மில்லிமீட்டரில்) 0.50
கதவு: மஞ்சள், 0.25
மேஜை: சிவப்பு, 0.13

வெட்டுப்படும் சுவர் தடிமனாகவும், தரையில் நிற்கும் சாமான் மெல்லியதாகவும் பிரிண்டில் விழ வேண்டும். பிளானைப் பார்த்ததுமே கண்ணுக்குச் சுவர் பிடிபடுவது இந்தத் தடிமன் வித்தியாசத்தால்தான். ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியாகக் கலர் கொடுக்காதீர்கள். கலர், லைன்டைப் (கோட்டின் வகை), லைன்வெயிட் மூன்றும் "பைலேயர்", அதாவது லேயரில் உள்ளபடி, என்றே இருக்கட்டும். அப்போதுதான் லேயரில் ஒரு இடத்தில் மாற்றினால் டிராயிங் முழுக்க மாறும்.

சுவர்

சுவர் லேயரின் பெயர்மேல் இரட்டைக் கிளிக் செய்தால் அது கரன்ட் லேயர் ஆகும். இனி வரைவதெல்லாம் அதில்தான் விழும். "ஆர்-இ-சி" தட்டி, முதல் முனைக்கு 0,0 என்றும் எதிர் முனைக்கு 3000,3600 என்றும் கொடுங்கள். செவ்வகம் திரையில் தெரியாவிட்டால் மவுஸ் சக்கரத்தை இரண்டு முறை டக்கென்று அழுத்துங்கள்.

அடுத்தது "ஓ", அதாவது ஆஃப்செட், இருக்கும் கோட்டுக்கு இணையாக இன்னொன்று போடுவது. 230 கொடுத்து, செவ்வகத்தைத் தொட்டு, வெளிப்பக்கம் ஒரு கிளிக். சுவர் எழும்பிவிட்டது.

கதவு

புதியவர்கள் திணறுவது இங்கேதான், நிதானமாகச் செய்யுங்கள். சுவர் லேயரிலேயே இருந்துகொண்டு "எல்" தட்டி 100,0 கொடுங்கள். எஃப் 8 அழுத்தி ஆர்த்தோவை (கோடு கிடையாகவோ செங்குத்தாகவோ மட்டும் ஓடச்செய்வது) ஆன் செய்து, மவுஸைக் கீழே நகர்த்தி 230 தட்டி, இரண்டு முறை என்டர். அந்தக் கோட்டை வலப்பக்கம் 900 ஆஃப்செட் செய்யுங்கள். "டி-ஆர்" (TR, வெட்டும் ட்ரிம் கமாண்ட்) தட்டி, இரண்டு கோடுகளுக்கும் நடுவில் உள்ள சுவர்க் கோடுகளைக் கிளிக் செய்தால் திறப்பு கிடைத்துவிடும். 2021க்கு முந்தைய பதிப்பு என்றால் "டி-ஆர்" கொடுத்தபின் இன்னொரு முறை என்டர் தட்டிவிட்டு வெட்டுங்கள்.

இப்போது கதவு லேயரை கரன்ட் ஆக்குங்கள். எஃப் 3 அழுத்தி ஆப்ஜெக்ட் ஸ்னாப் (முனைகளைத் துல்லியமாகப் பிடிப்பது) ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். திறப்பின் இடது உள்முனையைப் பிடித்து, @40,900 என்று ஒரு செவ்வகம் (@ என்றால் அந்த முனையிலிருந்து). இதுதான் கதவுப் பலகை.

கதவு சுழலும் வளைவுக்கு "ஏ" தட்டி, பிறகு "சி". மையம், கீல் இருக்கும் அந்த இடது முனை. தொடக்கம், திறப்பின் வலது உள்முனை. முடிவு, பலகையின் மேல் இடது நுனி. இந்த வரிசை முக்கியம். இப்படி மையம் கொடுத்து வரையும் ஆர்க் இயல்பாகக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் ஓடும். தொடக்கத்தையும் முடிவையும் மாற்றிக் கொடுத்தால் கால் வட்டத்துக்குப் பதில் முக்கால் வட்டம் வந்து சுவரைத் தாண்டிக் கிடக்கும்.

மேஜை

மேஜை லேயருக்கு மாறி "சி" தட்டி, 1500,2200 கொடுத்து, 450. கேட்கப்படுவது ஆரம். 900 என்று தட்டினால் ஆறடி அகல மேஜை வந்துவிடும்.

பல்ப், பனிச்செதில், பூட்டு

பட்டியலில் ஒவ்வொரு லேயருக்கும் எதிரே இந்த மூன்று படங்கள் இருக்கும். பனிச்செதில் ஃப்ரீஸுக்கு; ஃப்ரீஸ் செய்யும்வரை அது சூரியனாகத் தெரியும். பல்பை அணைத்தால் லேயர் கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். எரேஸ் கமாண்டில் "ஆல்" என்று கொடுத்தால் மறைந்திருப்பதும் சேர்ந்து அழியும். ஃப்ரீஸ் செய்தால் அந்த ஆபத்து இல்லை. பூட்டினால் கோடு தெரியும், ஸ்னாப் பிடிக்கும், ஆனால் திருத்த முடியாது. சுவர் முடிந்ததும் பூட்டிவிட்டு மற்றதை வரைவது என் வழக்கம்.

டைமென்ஷன் (அளவுக் குறிப்பு) போட ஆரம்பித்ததும் "டெஃப்பாயின்ட்ஸ்" என்று ஒரு லேயர் தானாக முளைக்கும். அதில் வரைந்தது திரையில் தெரியும், பிரிண்டில் வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு படிக்கட்டு முழுவதையும் நான் அதில் வரைந்துவிட்டேன். சைட்டில் பிரிண்டை விரித்த கொத்தனார், "படி எங்கே சார்?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. வேறு பிரிண்ட் வரும்வரை அரை நாள் வேலை நின்றது. அந்த லேயரைத் தொடாதீர்கள்.

சரிபார்ப்பு

0 லேயரை கரன்ட் ஆக்கிவிட்டு, சுவர் லேயரை ஃப்ரீஸ் செய்யுங்கள். கரன்ட் லேயரை ஃப்ரீஸ் செய்ய விடாது, அதனால்தான் முதலில் 0. திரையில் கதவுப் பலகை, வளைவு, மேஜை மட்டும் மிஞ்ச வேண்டும். சுவர்க் கோடு ஏதாவது நின்றால் அது லேயர் மாறி விழுந்திருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள லேயர் பட்டியலில் சுவர் என்பதைத் தொட்டு, எஸ்கேப் அழுத்துங்கள். பிறகு ஃப்ரீஸை எடுத்துவிட்டு "டி-ஐ" (DI, தூரம் அளப்பது) தட்டி, வெளிச்சுவரின் அகலத்தை முனைக்கு முனை அளங்கள். 3460 வர வேண்டும். 3230 வந்தால், ஒரு பக்கம் ஸ்னாப் உள்கோட்டைப் பிடித்திருக்கிறது. ஜூம் செய்து மறுபடி அளங்கள்.