பழுது பார்க்கக் கற்றுக்கொடுக்கும்போது: லினக்ஸ் சர்வர் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வர் மெதுவாக இருக்கிறது என்று போன் வந்தால், புதிதாகச் சேர்ந்தவர் முதலில் ரீபூட் செய்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் ரவுட்டருக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் நாம் எல்லோரும் செய்வது அதைத்தான். பெரும்பாலும் வேலையும் நடந்துவிடும். காரணம் தெரியாததால் அடுத்த வாரம் அதே போன் மறுபடி வரும்.

ரீபூட்டில் தடயம் போய்விடுகிறது. எந்த ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) சிக்கி நின்றது, எந்த கனெக்ஷன்கள் திறந்திருந்தன என்பதெல்லாம் நினைவகத்தோடு அழியும். சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) உள்ள லினக்ஸில் இன்னொரு கண்ணியும் உண்டு. லாக் (நிகழ்வுப் பதிவு) வைக்கும் இடத்தில் ஜர்னல் என்ற டைரக்டரி இல்லையென்றால், பல பதிப்புகளின் இயல்பான அமைப்பில் சிஸ்டம்டி எழுதும் ஜர்னல் பதிவுகளும் நினைவகத்திலேயே இருக்கும். ரீபூட் செய்ததும் அவையும் காலி. அதனால் என் வகுப்பில் ஒரு விதி: ரீபூட்டுக்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ப்ராசஸ் பட்டியல், கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) செய்திகள், நெட்வொர்க் கனெக்ஷன்கள், டிஸ்க் நிலவரம் நான்கையும் ஒரு ஃபைலில் போட்டு வேறு மெஷினுக்கு அனுப்பிவிட வேண்டும். அப்புறம் தாராளமாக ரீபூட் செய்யுங்கள். சில நேரம் அதுதான் சரியான முடிவும்கூட.

இரண்டாவது தவறு பயிற்சி கொடுப்பவருடையது. கட்டளைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறோம், எண்களுக்கு அர்த்தம் சொல்வதில்லை. லோட் ஆவரேஜ் (சராசரியாக எத்தனை ப்ராசஸ்கள் ஓடுகின்றன அல்லது காத்திருக்கின்றன என்ற எண்) 40 என்று பார்த்ததும் 'சிபியு போதவில்லை' என்பார்கள். ஆனால் 1993 முதலே லினக்ஸ் இந்தக் கணக்கில் டிஸ்க்குக்காகக் காத்து நிற்கும் ப்ராசஸ்களையும் சேர்க்கிறது. நெட்வொர்க் வழியாக டிஸ்க்கைப் பகிரும் என்எஃப்எஸ் சர்வர் ஒன்று செத்துப்போனால், சிபியு சும்மா இருக்கும்போதே லோட் மலைபோல் ஏறும். அங்கே சிபியு கூட்டி என்ன பயன்? நினைவகக் கதையும் இதேதான். ஃப்ரீ என்ற கட்டத்தில் எண் குறைவாக இருப்பதைப் பார்த்துப் பயப்படுவார்கள். மிச்ச நினைவகத்தை லினக்ஸ், படித்த ஃபைல்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் கேஷாகப் பயன்படுத்திக்கொள்வது இயல்பு. பக்கத்தில் இருக்கும் அவைலபிள் கட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

டிஸ்க் நிறைந்துவிட்டது என்ற பிழைச்செய்தியைப் போல நல்ல பாடம் வேறில்லை. ஒருமுறை நள்ளிரவில் நானே மாட்டிக்கொண்டேன். பெரிய லாக் ஃபைல் ஒன்றை அழித்தேன், டிஸ்க் அப்படியே 100 சதவீதத்தில் நின்றது. இன்னும் சிலவற்றை அழித்தேன், அசையவில்லை. அழித்த ஃபைலை ஒரு ஜாவா ப்ராசஸ் திறந்து வைத்திருந்தது. அது பிடியை விடும்வரை இடம் திரும்பாது என்பது அப்போது உறைக்கவில்லை. டிஸ்க் முழுவதையும் கணக்கிடும் டிஎஃப் கட்டளை ஒரு கணக்கும், ஃபைல்களைக் கூட்டிப் பார்க்கும் டியூ கட்டளை வேறு கணக்கும் சொன்னபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து மூன்று விர்ச்சுவல் மெஷின்களை (மென்பொருளால் உருவாக்கிய கணினிகளை) வைத்துக்கொண்டு இதைச் சொல்லித்தருகிறேன். மூன்றிலும் ஒரே பிழைச்செய்தி, நோய் மட்டும் வேறு. ஒன்றில் என் பழைய கதை. இன்னொன்றில் இடம் ஏராளம், ஆனால் லட்சக்கணக்கான குட்டி செஷன் ஃபைல்கள் ஐநோடுகளை (ஃபைலுக்கு ஒன்று வீதம், எண்ணிக்கையில் வரம்புள்ள பதிவிடங்களை) தின்றிருக்கும். மூன்றாவதில், இஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டம் ரூட்டுக்காக (முழு அதிகாரம் உள்ள யூசருக்காக) வழக்கமாக ஒதுக்கிவைக்கும் 5 சதவீதம் மட்டும் மிச்சமிருக்கும். ரூட்டாக எழுதிப் பார்த்தால் எழுதும், அப்ளிகேஷன் எழுதினால் எழுதாது. இந்த மூன்றாவதில்தான் எல்லோரும் விழிப்பார்கள்.

பர்மிஷன் தகராறு என்றதும் 777 போடுவது (எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுப்பது), எஸ்ஈலினக்ஸை (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கை) அணைத்துவிடுவது இரண்டையும் முளையிலேயே கிள்ள வேண்டும். ஹோம் டைரக்டரியிலிருந்து வெப் டைரக்டரிக்கு ஃபைலை நகர்த்தினால் எஸ்ஈலினக்ஸ் ஒட்டிய பழைய லேபிளோடே போய்ச் சேரும், அப்பாச்சி வெப் சர்வர் படிக்க முடியாமல் திணறும். ஆடிட் லாக்கில் அது பளிச்சென்று தெரியும். லேபிளைச் சரிசெய்யும் ரெஸ்டோர்கான் என்ற ஒரு கட்டளை போதும்.

எந்த மெஷினில் இருக்கிறோம் என்று பார்க்காமல் என்டர் தட்டுவது அனுபவசாலிகளையும் விடாது. 2017 ஜனவரி 31 அன்று புரோகிராம் கோடைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் நிறுவனத்தில், ஒரு பொறியாளர் துணை டேட்டாபேஸ் சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரில் டைரக்டரியை அழித்தார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப் இருக்கும் என்று நம்பித் தேடினால், அது பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேர நிலவரத்தின் நகல்தான்) காப்பாற்றியது. இதையெல்லாம் அந்த நிறுவனமே ஒளிவுமறைவின்றி எழுதிவைத்தது. பயிற்சிக்கு வருபவர்களிடம் அதை வரி வரியாகப் படிக்கச் சொல்வேன்.

கடைசித் தேர்வில் எந்தப் பழுதும் இல்லாத சர்வர் ஒன்றைக் கொடுத்து, 'யூசர்கள் திட்டுகிறார்கள், பாருங்கள்' என்பேன். சிக்கல் யூசர் பக்க டிஎன்எஸ்ஸில் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவையில்) இருக்கும். 'சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது' என்று சிலர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். மற்றவர்கள் அதற்குள் மூன்று கான்ஃபிக் ஃபைலை மாற்றி, நிஜமாகவே ஒரு பழுதை உண்டாக்கியிருப்பார்கள்.